எதிர்பாராத முதல் நகர்வு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேசுவோர் வரிசையில் நம் பெயரும், அதன் எதிரே 'சதுரங்கம்' என்ற தலைப்பும் அறிவிக்கப்பட்டபோது, முன் வரிசையில் சிலர் புன்முறுவல் பூத்ததை மேடையிலிருந்தே கண்டோம். அதில் நமக்கு வருத்தமில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிவரும் நம்மை இம்மேடைக்கு அழைக்கக் காரணம் என்னவென்று காரியதரிசி அவர்களைக் கேட்டோம். "வென்றவர்கள் பேசிக் கேட்டாயிற்று, தோற்றவர் ஒருவர் பேசட்டும்" என்றார். உண்மையே. சென்ற ஆண்டு நாம் தோற்ற ஆட்டத்தை இங்கே அறியாதவர் இலர். ஆயினும் அது எவ்வாறு தோற்றது என்பதை நாம் இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறோம்.

நம் மண்டபத்து அலமாரியின் மேல்தட்டில் மூன்றாண்டுகள் ஒரு கேடயம் இருந்தது. அது இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அணிக்கு நால்வர் என்னும் விதிப்படி சென்ற ஆண்டும் நம் காலனியிலிருந்து நால்வர் சென்றோம். இறுதிச் சுற்றில் மற்ற மூவரும் சேர்ந்து ஒன்றரைப் புள்ளி ஈட்டினர். நாம் வெல்ல வேண்டியதுகூட இல்லை. டிரா செய்திருந்தாலே போதும். சமநிலையானால் கேடயம் வைத்திருப்போரிடமே இருக்கும் என்பது விதி. நாம் தோற்றோம். கேடயம் லோகோ ஷெட்டுக்குப் போயிற்று.

அதற்கு முன் இரண்டு மாதங்கள் நாம் செய்த தவத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுத் தற்காப்பு என்று ஒரு தொடக்க முறை உண்டு. வெள்ளைக்காரர், அதாவது வெள்ளைக் காய்களை ஆடுபவர், தம் ராஜாவின் முன்னே நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், கறுப்பை ஆடுபவர் தம் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி அடக்கமாகத் தொடங்குவது. அம்முறையைப் பதினான்கு நகர்வுகள் வரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்தோம். நம் இல்லாள் அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் நோட்டுமாக நின்று கேட்பார், நாம் ஒப்பிப்போம். பிழை செய்தால் அவரே திருத்துவார். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயும் என்பதை அவர் அறியார். ஆனால் பிரெஞ்சுத் தற்காப்பின் ஒன்பதாம் நகர்வை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

போட்டி நாளன்று நமக்குக் கறுப்பு. எதிரே அமர்ந்தவர் இருபது வயது நிரம்பிய ஒடிய இளைஞர். பிட்டர் வேலை பழகுபவர். கை குலுக்கிவிட்டு அவர் நகர்த்திய முதல் காய், ராணிப் பக்கத்துக் குதிரையின் முன்னே நின்ற சிப்பாய். அதனை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினார்.

அந்த நகர்வு நம் நோட்டில் இல்லை. அக்கணத்தில் நம் மனம் போன போக்கை ஒளிக்காமல் கூறுகிறோம். முதலில் வியப்பு. அடுத்துச் சிரிப்பு. அதற்கடுத்துச் சினம். 'இரண்டு மாதம் படித்து வந்திருக்கும் நம்மை இந்தப் பையன் மதிக்கவில்லையே, விளையாட்டுத்தனம் செய்கிறானே' என்று எண்ணினோம். சினம் மேலிட்டவுடன் நம் கை தானாகவே ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திற்று. பழகிய கை பழகிய காயைத் தொட்டது, அவ்வளவே. அவர் என்ன ஆடினார் என்பதற்கும் நாம் ஆடியதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

அவர் தம் மந்திரியைக் காலியான கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். (பிஷப் என்னும் காயையே மந்திரி என்று நாம் குறிப்பிடுகிறோம்.) முன்னே தள்ளிய அவருடைய சிப்பாய்க்குக் காவலில்லை என்று கண்டோம். நம் மந்திரிக்கு வழி திறந்திருந்தது. பாய்ந்து வெட்டினோம். உடனே அவருடைய மந்திரி மூலைக்கோட்டில் நெடுந்தூரம் வந்து, நம் ராஜா பக்கத்துக் குதிரையின் முன் நின்ற சிப்பாயை வெட்டியது. அதன் பின்னே மூலையில் யானை அகப்பட்டுக்கொண்டது. வெளியேற வழியே இல்லை. அந்தச் சிப்பாயைக் காத்து நின்றது எது என்று அறிவீர்களா? நாம் திருடப் போகச் சொல்லி அனுப்பிய அதே மந்திரிதான். லெவல் கிராசிங்கில் கேட்மேன் மாங்காய் பறிக்கப் போனால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று.

ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். யானை போனபோது நம் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூடக் கழிந்திருக்கவில்லை. அதன்பின் முப்பத்தொன்றாம் நகர்வு வரை இழுத்தோம். ஆனால் அது இரண்டாம் நகர்விலேயே முடிந்த ஆட்டம்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் கைப்பேசியில் தேடி இரண்டு நிமிடத்தில் சொன்னாள்: "அப்பா, இதுக்குப் பேர் உராங்குட்டான் தொடக்கம்!" குரங்கின் பெயரிட்ட ஆட்டத்தில் தோற்றோம் என்பது அன்று பட்ட புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது. பின்னர் அதன் வரலாற்றைப் படித்தபோது சிரிப்பே வந்தது. 1924ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பெரிய போட்டி ஒன்று நடந்தது. ஓய்வு நாளில் ஆட்டக்காரர்கள் பிராங்க்ஸ் மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்றனர். அங்கே சூசன் என்னும் உராங்குட்டானிடம் டார்டகோவர் என்ற வல்லுநர், நாளை எந்தக் காயை நகர்த்தலாம் என்று ஆலோசனை கேட்டாராம். அது காட்டிய குறிப்பின்படியே மறுநாள் மரோட்சியை எதிர்த்து இந்தச் சிப்பாயைத் தள்ளினார். தொடக்கம் தீங்கின்றிக் கழிந்தது. ஆனால் முடிவில் வென்றவர் மரோட்சி. ஆக, அந்த நகர்வு நமக்குத்தான் புதிது, உலகுக்கு நூறாண்டுப் பழையது. அதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நம் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருந்தால், அவர் நம் நடுச் சிப்பாயை எடுத்துக்கொள்வார், நாம் அவருடைய ஓரச் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். அதன்பின் குதிரையை வெளியே கொண்டுவந்தால் மூலையும் பத்திரம், ஆட்டமும் சமம். மேடையில் நின்று இதனைச் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது.

நம்மைவிடப் பன்மடங்கு பெரியவர்களும் இப்படி இடறியிருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி நடந்தது. உலக சாம்பியன் கார்ப்போவ் வெள்ளை. எதிரே இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். கார்ப்போவ் ராஜாவின் சிப்பாயைத் தள்ள, மைல்ஸ் தம் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பாடம் படிக்காத சிறுவன் ஆடுவது போன்ற ஆட்டம். கூடியிருந்தோர் நகைத்தனர் என்பர். உலக சாம்பியன் தோற்றார். அந்த நகர்வு உயர்ந்தது என்று இதனால் பொருள் கொள்ள வேண்டாம். உயர்ந்ததாயின் பின்னர் வந்தவர் அனைவரும் அதனையே ஆடியிருப்பர். எளிய ஆட்டத்தையும் எவராயினும் முறையாக ஆடித்தான் வெல்ல வேண்டும் என்பதே அங்கே நடந்தது.

இதற்கு மாறான ஆட்டம் 1918ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிகழ்ந்தது. காப்பபிளாங்கா வெள்ளை, மார்ஷல் கறுப்பு. பழகிய ஸ்பானியத் தொடக்கமாகவே ஆட்டம் சென்றுகொண்டிருக்கையில், எட்டாம் நகர்வில் மார்ஷல் நடுச் சிப்பாய் ஒன்றைத் தாமாகவே முன்வந்து பலி கொடுத்தார். இந்த உபாயத்தை அவர் பல்லாண்டுகள் ஒளித்து வைத்திருந்தார் என்றொரு கதை உலவுகிறது. ஆராய்ந்தோர் அதனை முழுதும் நம்புவதில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. எதிராளி வீட்டிலேயே எல்லா வழிகளையும் ஆராய்ந்துகொண்டு வந்திருக்கிறார் என்பது காப்பபிளாங்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. சிறிது நேரம் யோசித்தார். கொடுத்த சிப்பாயை ஏற்றுக்கொண்டார். பெரும் தாக்குதல் வந்தது. ஒவ்வொரு அடியையும் பலகையைப் பார்த்தே தடுத்து, முப்பத்தாறாம் நகர்வில் வென்றார். அந்தத் தாக்குதல் வீணானது என்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தார் திருத்தியமைத்து, மார்ஷலின் பெயராலேயே அதனை இன்றும் ஆடிவருகின்றனர். அவ்வளவு கூரிய வாளுக்கு முதன்முதலாகக் கழுத்தை நீட்டியவர் தப்பினார் என்றால், அந்தச் 'சிறிது நேரம்' யோசித்ததன் பயனை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் நம் நாட்டு மிர் சுல்தான் கான் அவர்களே. பஞ்சாபில், சர் உமர் ஹயாத் கான் என்னும் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இன்று நாம் ஆடுவது போல் யானையோடு சேர்ந்து ராஜா கோட்டை கட்டுவதும் அதில் இல்லை. இதன் பொருள் என்னவென்றால், ஐரோப்பியர் நூல் நூலாக எழுதி வைத்திருந்த தொடக்கங்கள் எவையும் அவருக்குப் பழக்கமில்லை. 1929இல் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே அவருக்கு எதிராக வந்த தொடக்கம் ஒவ்வொன்றும் எதிர்பாராத தொடக்கமே! பிறர் வீட்டுப் பாடத்தை ஒப்பிக்கையில் அவர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பரீட்சை எழுதினார். தொடக்கத்தில் இடர்ப்படுவார், நடுவில் நிமிர்வார், இறுதியில் பிடியை விடமாட்டார். சென்ற அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். மேலே சொன்ன காப்பபிளாங்காவையே 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். அதன்பின் பிரபுவோடு ஊர் திரும்பினார். பெரும் போட்டிகளில் மீண்டும் ஆடவில்லை. 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கழகம் 2024ஆம் ஆண்டில் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! பென்ஷன் பைல் தாமதமாகிறது என்று குறைப்பட்டுக்கொள்ளும் அன்பர்கள் இதனைக் கருதுவார்களாக.

விசுவநாதன் ஆனந்த் அவர்களைப் பற்றி இந்தக் காலனியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தந்தையார் தென்னக ரயில்வேயில் ஜெனரல் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், நம்மில் பலர் அவரை உறவினர் போலவே பேசுவதுண்டு. அவர் எதிர்பாராததைச் செய்யும் பக்கத்தில் இருந்த ஆட்டத்தைக் கூறுகிறோம். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு உலக சாம்பியன் போட்டி. பெரும்பாலும் ராஜாவின் சிப்பாயைக் கொண்டே தொடங்கிவந்தவர் அங்கே ராணியின் சிப்பாயைத் தள்ளினார். கறுப்பு ஆடும்போதோ, மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் கிராம்னிக் எதிர்பாராத கூரிய வழியில் அவரை இழுத்துச் சென்று இரண்டிலும் வென்றார். போட்டி முடிவில் ஆனந்துக்கு ஆறரை, கிராம்னிக்குக்கு நாலரை. கிராம்னிக் என்ன சாதாரணமானவரா? அவரே 2000ஆம் ஆண்டு லண்டனில் பெர்லின் தற்காப்பு என்னும் பழைய முறையைத் தூசி தட்டி எடுத்து, காஸ்பரோவை ஓர் ஆட்டமும் வெல்லவிடாமல் செய்தவர்!

2024 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்ததை நம் சிறுவர்கள் நேரிலேயே பார்த்தது போல அறிவார்கள். முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை. டிங் லிரென் ஆடியது எது? நம் இல்லாள் அடுப்படியில் ஒப்பிக்கச் சொன்ன அதே பிரெஞ்சுத் தற்காப்பு! நமக்கு அன்றாடச் சோறாக இருந்தது அந்த மேடையில் எதிர்பாராத விருந்தாயிற்று. குகேஷ் அந்த ஆட்டத்தைத் தோற்றார். பதினெட்டு வயதுப் பிள்ளை, உலகமே பார்த்திருக்க முதல் நாளிலேயே தோல்வி. மூன்றாம் ஆட்டத்தில் அதனை ஈடு செய்தார். பதினான்காம் ஆட்டத்தை வென்று சாம்பியன் ஆனார்.

இனி நம் காலனிக் குழந்தைகளின் காரியத்துக்கு வருவோம். "எல்லாத் தொடக்கங்களையும் குழந்தைகள் மனப்பாடம் செய்துவிட்டால் எதிர்பாராதது என்று ஒன்றே இராதே" என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அபிப்பிராயப்பட்டார். அவர்பால் நமக்குள்ள மரியாதை குறையாது. ஆனாலும் இதில் நாம் உடன்படவில்லை. வெள்ளைக்கு முதல் நகர்வு இருபது விதம். கறுப்புக்குப் பதில் இருபது விதம். ஆளுக்கு ஒரு நகர்வு ஆனதுமே பலகை நானூறு விதமாக அமையலாம். எத்தனை நோட்டு வாங்கினாலும் போதாது. மேலும் மனப்பாடத்துக்கு ஒரு குணம் உண்டு: கர்ணனுக்குப் போல, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். நமக்கோ அதனினும் கேடாக, வேண்டாத நேரத்தில் கைகொடுத்தது!

பார்சல் ஆபீஸில் நாம் நாள்தோறும் செய்யும் ஒரு வேலையை அன்று பலகையில் செய்ய மறந்தோம். அடையாளம் சரியில்லாத மூட்டை ஒன்று வந்தால் நாம் கோபித்துக்கொள்வதுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவதுமில்லை. எடை போடுகிறோம், வேபில்லைப் பார்க்கிறோம், எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது என்று கேட்கிறோம். பலகையிலும் அப்படியே இந்தக் காய் நகர்ந்ததால் எந்தக் கட்டம் திறந்தது, எந்தக் காயின் காவல் போயிற்று என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். நடுக் கட்டங்களில் ஒரு சிப்பாய், வெளியே இரண்டு குதிரை, ராஜாவுக்கு ஒரு கோட்டை. இவை எந்த விசித்திரத் தொடக்கத்துக்கும் பொருந்தும். விசித்திரமாக ஆடியவரை ஐந்தே நகர்வில் தண்டித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் ஆளைக் கவிழ்ப்பது.

அந்த இளைஞரை மறுபடியும் கண்டோம். ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை ஒன்றைப் பெற்றுக்கொள்ள நம் ஆபீஸுக்கு வந்தார். நம்மைக் கண்டதும் கூச்சத்தோடு நின்றார். மூட்டையைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொடக்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டோம். ஷிப்ட் வேலையில் பல தொடக்கங்களைப் படிக்க நேரமில்லை, ஒன்றையாவது நன்றாகப் படித்துக்கொள்வோம் என்று படித்ததாகச் சொன்னார். பின்னர் ஒன்று கூறினார். அது நம்மை உலுக்கிவிட்டது. நாம் சட்டென்று பதில் நகர்வு ஆடியதைக் கண்டு, 'ஐயோ, இவருக்கு இது முழுதும் தெரியும் போலிருக்கிறதே' என்று அவர் நடுங்கினாராம்!

அதுமுதல் சனிக்கிழமை மாலைகளில், அவருக்கு டியூட்டி இல்லாதபோது, நம் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ஆடுகிறோம். இதுவரை ஏழு ஆட்டங்கள். அவர் நான்கு, நாம் இரண்டு, ஒன்று டிரா. டிராவான ஆட்டத்தில் அவர் மீண்டும் அந்தக் குரங்குச் சிப்பாயைத் தள்ளினார். நாம் பதினொரு நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்தோம். காப்பி ஆறிப்போயிற்று என்று நம் இல்லாள் இரண்டு முறை வந்து சொன்னார். அதன்பின் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினோம்.

வருகிற ஞாயிறு முதல் மாலை நான்கு மணிக்கு இந்த மண்டபத்தில் சிறுவர் சிறுமியர்க்கு ஆட்டம் தொடங்க இருக்கிறோம். அந்த இளைஞரும் வர இசைந்திருக்கிறார். தமிழ் அவருக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் இந்தியில் சமாளித்துக்கொள்வார்கள். ஆறு பலகைகள் உள்ளன. அவற்றில் இரண்டில் காய்கள் குறைகின்றன. ஒரு வெள்ளை யானை, மூன்று கறுப்புச் சிப்பாய்கள், ஒரு கறுப்புக் குதிரை வேண்டும். அந்தக் குதிரைக்குப் பதிலாக இப்போது ஒரு சோடா மூடி நிற்கிறது. வீட்டில் பழைய காய்கள் வைத்திருப்போர் காரியதரிசி அவர்களிடம் சேர்ப்பித்தால் நன்றியுடையோம்.